கண்ணும் காலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் விளையாட்டுக் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இம்மேடை பெரும்பாலும் இலக்கியம் பேசும் மேடை. சென்ற திங்கள் இதே இடத்தில் நின்று அறிஞர் ஒருவர் குறுந்தொகையின் நயங்களை எடுத்துரைத்தார். அவர் நின்ற இடத்தில் மண் படிந்த காலணிகளோடு வந்து நிற்பதில் எங்களுக்குச் சிறிது கூச்சம் உண்டு. ஆயினும் எங்களைப் பேச அழைத்தவர் தலைவரே. சென்ற பொதுக்குழுவில் நாங்கள் ஒரு விண்ணப்பம் வைத்தோம். தரையில் பரப்பி வைத்தால், எது எப்போது ஒளிரும் என்று தெரியாதபடி மாறி மாறி ஒளிர்ந்து, ஓடிச் சென்று கையை நீட்டினால் அணையும் மின்விளக்குக் கருவி ஒன்று இந்நாளில் விற்கிறது. அதனை வாங்கித் தர வேண்டும் என்பதே விண்ணப்பம். அதன் விலை, சங்கம் விளையாட்டுக்கென ஓராண்டில் ஒதுக்கும் தொகை முழுவதையும் விழுங்கக்கூடியது. “இது எதற்கு என்பதை முதலில் எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்” என்றார் தலைவர். பிறர்க்கு விளக்குவதற்காகப் படிக்கத் தொடங்கினோம். படித்ததன் பயனாக எங்கள் எண்ணமே மாறிவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நம் குடியிருப்பில் சமுதாயக் கூடத்தின் பின்புறத் திடலில் மாலை ஐந்தரை மணிக்கு நம் பெண்பிள்ளைகள் கபடி பழகுவதை நீங்கள் அறிவீர்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில், நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், இதனை மீண்டும் தொடங்கினோம். ஆலை வேலை முடித்து வரும் நாங்கள் மூவர் பயிற்றுநர்கள். எங்களுள் ஒருவரும் விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றே: கூம்புகளை வளைவு நெளிவாக நட்டு, பிள்ளைகளை அவற்றினூடே ஓடவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பது. நாள்தோறும் அதே கூம்புகள், அதே வளைவுகள். விரைந்து ஓடியவர் பெயரை மேலும், மெதுவாக ஓடியவர் பெயரைக் கீழும் எழுதினோம். 2022 டிசம்பரில் குடியிருப்புகளுக்கிடையே நடந்த போட்டிக்கு 14 வயதிற்குட்பட்டோர் அணியைத் தேர்ந்தபோது, அப்பட்டியலின் மேலிருந்து பன்னிருவரை எடுத்துக் கொண்டோம். அது அறிவியல் முறைப்படியான தேர்வு என்று எங்களுக்குள் பெருமிதமும் கொண்டோம்.

போட்டியன்று நடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எதிரணிப் பெண் ஒருத்தி பாடி வந்தாள். இடப்புறம் பாய்வதுபோல் தோளைச் சாய்த்து வலப்புறம் பாய்ந்தாள். நம் பிள்ளைகள் அனைவரும் இடப்புறம் சென்றனர். மறுமுறை அவளே மெய்யாக இடப்புறம் பாய்ந்தபோது, ஏமாறக்கூடாது என்று நம்மவர் வலப்புறம் சென்றனர். கூம்புகளிடையே மின்னலாக ஓடியவர்கள், ஆள் எதிரே வந்தபோது ஓரடி பிந்தினர். கபடியில் ஓரடி என்பது கணுக்காலுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி. தோல்வி பெரிதன்று, பெரிய வேறுபாட்டில் தோற்பதும் பிள்ளைகளுக்கு நல்லதே. ஆனால் அன்று திரும்பி வருகையில் ஒரு சிறுமி, “மாமா, கூம்பு நகராது இல்லையா, அவள் நகர்ந்தாளே” என்றாள். அச்சொல் எங்களை உறங்கவிடவில்லை.

அச்சிறுமி கண்டதை ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கின்றனர். ஆஸ்திரேலியாவைச் சார்ந்த ஷெப்பர்டு, யங் என்னும் இருவர் 2006இல் சுறுசுறுப்பு என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். புறத்தே தோன்றும் ஒரு குறிப்பிற்கு மறுமொழியாக உடல் முழுவதும் விரைவையோ திசையையோ சட்டென மாற்றிக்கொள்வதே சுறுசுறுப்பு என்பது அது. முன்பே தெரிந்த இடத்தில் முன்பே தெரிந்தபடி திரும்புவது வேறு. அது கால்களின் வேலை மட்டுமே. அதே ஆண்டில் அவர்கள் வேறு சிலரோடு சேர்ந்து தங்கள் நாட்டுக் கால்பந்தாட்டக்காரர்களைச் சோதித்தனர். உயர்ந்த தரத்து வீரர், அடுத்த தரத்து வீரர் என இரு பிரிவினர். நேர் ஓட்டத்திலும், முன்பே வகுத்த திசைமாற்ற ஓட்டத்திலும் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதிரே நிற்பவர் எப்பக்கம் அடியெடுத்து வைக்கிறார் என்று பார்த்து அதற்கேற்பத் திரும்பும் சோதனையில்தான் உயர்ந்த தரத்தார் முந்தினர். எங்கள் நிறுத்துக் கடிகாரம் ஓராண்டு முழுதும் எதை அளந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்படியாயின், கண் கண்டதற்கும் கால் அசைவதற்கும் இடைப்பட்ட நேரத்தைப் பயிற்சியால் குறைத்துவிட முடியுமா? நாங்களும் முதலில் அவ்வாறே எண்ணினோம். இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 செ.மீ. அளவுகோலை ஒருவர் மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் அதன் சுழிக்குறியருகே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னவர் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார். பின்னவர் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தால், கண்ணுக்கும் கைக்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்தது என்று பொருள். 15 செ.மீ. என்றால் ஏறத்தாழ 0.17 விநாடி. கோல் முழுவதும் நழுவிவிட்டால் கால் விநாடியாகிவிட்டது. நூறு ரூபாய்த் தாளைக் கொண்டு இதே வேடிக்கையைச் செய்யலாம். தாளின் நடுவில் விரலை வைத்தால், நழுவுவதற்கு 7 செ.மீ. மட்டுமே உள்ளது, அதற்கு 0.12 விநாடி போதும். ஊகித்துப் பிடித்தாலன்றி, பார்த்துப் பிடிப்பவர் அரியர். பிள்ளைகளோடு பந்தயம் கட்டுவோர்க்கு இது பயன்படும். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் புறப்பட்டவர், ஒலியைக் கேட்டன்று, ஊகித்தே புறப்பட்டார் என்று கொள்வது உலகத் தடகள விதியாகும்.

இந்த நேரம் பெரிய ஆட்டக்காரர்க்குக் குறைவாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பீட்டர் மெக்லியட் என்னும் ஆராய்ச்சியாளர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. கிரிக்கெட் ஆடுகளத்து விரிப்பின் அடியில் மரக்குச்சிகளை வைத்து, விழுந்த பந்து எப்பக்கம் எழும் என்பதை எவரும் அறியாதபடி செய்தார். பன்னாட்டு ஆட்டங்களில் மட்டை பிடித்தவர்களை அதில் ஆடவைத்து, படமெடுத்துப் பார்த்தார். பந்து திசைமாறிய பின் அவர்கள் மட்டையைத் திருத்திக்கொள்ள ஏறத்தாழ 0.2 விநாடி ஆயிற்று. நம்மைப் போன்றோர்க்கு ஆவதும் அதுவே. அப்படியானால் மணிக்கு 140 கி.மீ. விரைவில் வரும் பந்தை, அரை விநாடிக்கும் குறைந்த பொழுதில் அவர்கள் எப்படி அடிக்கின்றனர்? 2000இல் மைக்கேல் லேண்டு என்பவரும் மெக்லியடும் சேர்ந்து, மட்டை பிடித்தவர்களின் கண் எங்கே செல்கிறது என்பதைக் கருவி பொருத்திக் கண்டனர். கண் பந்தைத் தொடர்ந்து செல்வதில்லை. பந்து புறப்படுவதைப் பார்த்தவுடன், அது தரையில் விழப்போகும் இடத்திற்கு முன்னதாகவே தாவிச் சென்று அங்கே காத்திருக்கிறது. தேர்ந்தவரின் கண் மற்றவர் கண்ணைவிட முன்னரே அங்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவே, நரம்பின் விரைவை நாம் பெரிதாக மாற்ற இயலாது. எங்கே பார்ப்பது, எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்பதையே பழக்க முடியும்.

எங்களுள் ஒருவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் சடுகுடு ஆடி வளர்ந்தவர். பாடி வருபவனின் முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லி அடிப்பார்களாம். அடிப்பார்கள் என்பதை அவர் அழுத்திச் சொல்வார். முகமும் கையும் தோளும் பொய் சொல்லும். உடலின் சுமை இருக்கும் இடுப்பு, போகாத திசைக்குப் போவதாகக் காட்டுவது எளிதன்று. ரக்பி ஆட்டத்தில் ஏமாற்று அசைவுகளைப் படமாகக் காட்டி ஜாக்சன், வாரன், அபர்நதி ஆகியோர் 2006இல் செய்த ஆய்வும் இதற்கு அண்மையில் வருகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் ஏமாற்று அசைவுகளுக்குப் பிறரைப்போல் இரையாகவில்லை என்று அவர்கள் கண்டனர்.

இனி, திடலில் நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்கிறோம். 2023 தொடக்கத்தில் கூம்பு ஓட்டத்தைக் குறைத்து, குரல் கொடுத்துத் திருப்பும் பயிற்சியைத் தொடங்கினோம். நடுவில் ஓடிவரும் பிள்ளையை நோக்கி “வலம்”, “இடம்” என்று கூவுவோம். அதிலும் பிள்ளைகள் தடுமாறினர். காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அவர்கள் பள்ளியில் நாள் முழுதும் கேட்பது “தாயேன்”, “பாயேன்” என்னும் இந்திச் சொற்களை. நம் “வலம்” அவர்கள் செவியில் விழுந்து, இந்தியாக மாறி, பின்னரே காலுக்குச் சென்றது. நாம் தமிழ் வகுப்பில் கவலைப்படும் செய்தி திடலில் கடிகாரக் கணக்காகத் தெரிந்துவிட்டது! எட்மண்டு ஹிக் என்பவர் 1952இல் காட்டியபடி, தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் பெருகப் பெருக மறுமொழி தாமதமாகும். இங்கோ வழிகளோடு மொழிகளும் பெருகின. தமிழாசிரியை அவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். திடலில் சொல்லை விட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டோம். பழைய சேலைகளைக் கிழித்து, நான்கு நிறத் துணிகளை நான்கு மூலைகளில் வைத்தோம். பயிற்றுநர் எந்நிறத் துணியை உயர்த்துகிறாரோ, அம்மூலைக்கு ஓட வேண்டும். எதையும் உயர்த்தாமல் வெறுங்கையை உயர்த்தினால் அசையாமல் நிற்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகள் மிகத் தேறிவிட்டனர். நாங்கள் மகிழ்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் துணியைப் பார்க்கவில்லை, எங்களைப் படித்திருந்தனர்! சிவப்புக்குப்பின் நாங்கள் மீண்டும் சிவப்பை உயர்த்துவதே இல்லையாம். மூன்று எண்ணும் நேரத்திற்கு ஒருமுறை தவறாமல் கையைத் தூக்குகிறோமாம். மனிதன் தன் விருப்பப்படி ஒழுங்கின்றி நடக்க நினைத்தால் அதிலும் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. இதற்கு மருந்து கண்டவர், இரண்டாம் தெருவில் மகன் வீட்டில் இருந்த பாட்டியார் ஒருவர். திடலோரத்துச் சிமெண்டுத் திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் எங்கள் பயிற்சியைப் பார்ப்பார். ஒருநாள் தம் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்து, ஒரு கட்டையை மட்டும் உருட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம், நான்கு நிறம். அவர் உருட்டி விரலைக் காட்டுவார். அதன்படி பயிற்றுநர் துணியை உயர்த்துவார். எப்போது உருட்டுவது என்பதும் அவர் விருப்பம். சில வேளை உடனே உருட்டுவார்; சில வேளை பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொண்டே அரை நிமிடம் விட்டுவிடுவார். பிள்ளைகள் முன்னங்காலில் நின்றபடி தவிப்பார்கள். இதைவிடச் சிறந்த கருவியை நாங்கள் இன்றுவரை காணவில்லை.

ஆனால் துணியும் இறுதியில் துணிதான். விளக்கும் அவ்வாறே. துணி பொய் சொல்லாது. இடுப்பும் அதற்கு இல்லை. விளக்கொளிக்குப் பழகியவர் விளக்கொளிக்கு விரைவார். எதிராளியின் அசைவைப் படிக்கும் திறன் அதனால் வளராது. யங், ஃபாரோ ஆகியோர் 2013இல் எழுதிய கட்டுரை, ஆட்டத்தில் காணும் குறிப்பையே பயிற்சியிலும் காட்ட வேண்டும் என்று இதனை வலியுறுத்துகிறது. ஆகவே துணியைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் நிற்கும் பயிற்சிக்கு மாறினோம். மூன்று மீட்டர் இடைவெளியில் இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் ஐந்து விநாடி விருப்பப்படி அசைவார்; மற்றவர் நிழல்போல் தொடர்வார். பிறகு பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் பயிற்றுநர் நின்று, பாடி வருபவர்க்கு மட்டும் தெரியுமாறு துணியை உயர்த்துவார். பாடி வருபவர் அத்திசையில் பாய்வார். பிடிப்பவர் அவர் உடலைக் கொண்டே அறிந்து மறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி. அதன்பின் அரை நிமிட ஓய்வு. மொத்தம் கால் மணி நேரத்திற்குமேல் இல்லை. களைத்த கண் எதையும் கற்பதில்லை.

ஓர் எச்சரிக்கையைப் பெற்றோர்க்குச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெசியர் என்பவரும் பிறரும் 2001இல் கண்டது இது: எதிர்பாராமல் திசைமாறும்போது, முழங்காலைப் பக்கவாட்டிலும் சுழற்சியிலும் தாக்கும் விசை, தெரிந்து திரும்புவதைவிட இருமடங்கு வரை உயர்கிறது. முழங்காலின் உட்பிணைப்புக் கிழிவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு மிகுதி. ஆகவே நாங்கள் இகழ்ந்து பேசிய அந்தக் கூம்புகளை முற்றிலும் எறிந்துவிடவில்லை. புதிதாக வரும் பிள்ளை முதல் இரண்டு மாதம் கூம்புகளிடையேதான் பழகுகிறாள்: முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, குறுகிய அடிகளாக வைத்து நின்று திரும்புவதை. அது உடலில் ஊறியபின்னரே எதிர்பாராக் குறிப்பு. கடிகாரம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

இப்போது, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்கிறோம். 2022இல் எங்கள் பட்டியலின் கடைசியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பன்னிருவரில் அவள் இல்லை. ஆயினும் பயிற்சிக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. நீர்க்குடம் எடுத்துவைப்பாள், கூம்புகளை அடுக்குவாள், ஆள் குறைந்தால் நிற்பாள். ஆளுக்கு ஆள் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வராததால் அவளைப் பிடிப்பவராக நிறுத்தினோம். பட்டியலில் முதலிடத்திலிருந்த பெண் எட்டு முறை பாடி வந்தாள். இவள் ஆறு முறை கணுக்காலைப் பிடித்தாள். கால் விரைவு அவளுக்கு இல்லை. பாய்பவள் பாயத் துணியும் முன்பே அவள் புறப்பட்டுவிட்டாள். எப்படி அறிந்தாய் என்று கேட்டோம். “அவள் வலப்பக்கம் போவதற்கு முன் பாட்டை ஒரு கணம் விழுங்குவாள், மாமா” என்றாள். ஓராண்டுக் காலம் ஓரத்தில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த போட்டிக்குள் அவளுக்கு 14 வயது கடந்துவிட்டது. அதற்கு மேற்பட்டோர்க்கு நம் குடியிருப்பில் அணி இல்லை. அவளுடைய தாயார் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். “என் மகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள்” என்று அந்நாளில் அவர் கேட்டபோது, நேரக் கணக்கை அவரிடம் காட்டி அனுப்பியவர்கள் நாங்கள். அம்மையே, எங்களை மன்னிக்க வேண்டுகிறோம்.

2023 டிசம்பரில் நம் அணி இரண்டு ஆட்டங்களில் வென்று மூன்றாவதில் தோற்றது. தோல்விக்குக் காரணம் கண்ணன்று, மூச்சு. பாடுவோர்க்கு 30 விநாடி நம் பிள்ளைகளுக்கு நீளமாக இருக்கிறது. அது வேறு கதை.

ஆகவே தலைவர் அவர்களே, விளக்குக் கருவி வேண்டும் என்ற எங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். வாங்கியே தீரவேண்டும் என்று அன்று கை தூக்கிய நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தொகையில் ஒரு பகுதி போதும், திடலின் மேற்கு மூலையில் எழும்பி நிற்கும் கற்களை அகற்றி, சலித்த மண் பரப்புவதற்கு. பெசியர் கூறும் முழங்கால்களுக்கு அந்த மூலை பகை. 14 வயதிற்கு மேற்பட்ட பெண்களுக்கு இன்னோர் அணி அமைக்க இசைவு தர வேண்டும். அதற்குப் பணம் வேண்டா. பிப்ரவரியில் பரீட்சை என்று சொல்லாத பெற்றோர் பன்னிருவர் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பாட்டியார் சென்ற மார்ச்சில் தம் மகள் வீட்டிற்குப் புனேக்குப் பெயர்ந்துவிட்டார். தாயக்கட்டையை எங்களிடமே கொடுத்துச் சென்றிருக்கிறார். நாங்களே உருட்டிப் பார்த்தோம். எங்கள் கை அசைவதைப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். மாலை ஐந்தரை முதல் ஆறு மணிவரை திண்ணையில் அமர்ந்து, பிள்ளைகளுக்கு எதுவும் காட்டிக்கொடுக்காமல் கட்டை உருட்டக்கூடிய தாய்மார் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுக்கலாம். பேசிக்கொண்டே உருட்டுபவராயின் மிகவும் நன்று.